தூணில் ஒரு வெள்ளைக் கோடு

பாலத்தின் நடுத்தூணுக்கு நேர் மேலே வந்ததும் எம்ரிஸ் ப்ரோபர்ட் நின்றுவிடுவார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். பழைய தொப்பி ஒன்று ஆற்றோடு போனதிலிருந்து வந்த பழக்கம். பிறகு கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்து, கீழே தூணில் இழுத்திருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்ப்பார். தண்ணீர் கோட்டுக்கு மேலே ஓடுகிறதா கீழே ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். அவருக்குப் போதாது. முட்டை வேனை ஓட்டிக்கொண்டு நான் கடந்து போகும்போது, வண்டிச் சத்தத்தை வைத்தே, திரும்பிப் பார்க்காமல் சொல்வார்: "பின்னாடி பிரேக்கு கத்துது. கவனி."

எங்கள் ஊரில் எம்ரிஸ் என்று கூப்பிட்டால் நான்கைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் தொழிலைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ரொட்டி எம்ரிஸ், தபால் எம்ரிஸ். இவர் ஃபெயில் எம்ரிஸ். வண்டிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று தரும் பணிமனையில் ஓய்வுபெறும்வரை சோதனைக்காரராக இருந்தவர். நம்பர் தகட்டுக்கு மேலே இருக்கும் குட்டி விளக்கு மங்கலாக எரிகிறதென்று என் வேனைத் திருப்பி அனுப்பியவர். சொந்த மனைவி மெயரின் காரையே ஃபெயில் செய்ததில், அந்த அம்மாள் ஒரு வாரம் பஸ்ஸில் போய்வந்தார். யாராவது குறைபட்டுக்கொண்டால், "வண்டிக்கு மாமன் மச்சான் தெரியாது" என்பார். இன்றும் தெருவோரம் நிற்கும் கார்களின் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நடப்பார். யாருடைய கார் என்று பார்ப்பதில்லை.

அந்த வெள்ளைக் கோடும் அவர் இழுத்ததுதான். எங்கள் கெர்வின் ஆற்றில் டிரவுட் மீன் பிடிப்பவர்களில் இரண்டு சாதி உண்டு. இறகையும் நூலையும் கட்டிச் செய்த பொய் ஈயை, நீண்ட கோலால் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, தண்ணீரின்மேல் பூப்போல இறக்குகிறவர்கள் ஒரு சாதி. மேல்சாதி என்று சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லிக்கொள்வார்கள். மற்றது நாங்கள், சுழல்தூண்டில்காரர்கள். குட்டையான கோல், அதன் அடியில் தொங்கும் சின்ன ரீல், தூண்டில் நரம்பின் நுனியில் நகத்தளவு தகடு. வீசினால் விழும், சுற்றினால் மினுமினுத்துக்கொண்டு வரும், மீன் துரத்தும். அவ்வளவுதான் வித்தை. எங்களுக்கு எம்ரிஸ் வைத்த பெயர் காப்பி அரைக்கிறவர்கள். நான் ரீலைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது கரையில் போகிறவர் கேட்பார்: "என்னம்மா, பொடி நைஸா விழுதா?"

ஊர் மீன்பிடிச் சங்கத்தில் நெடுநாள் ஆற்றுக் காவலராக இருந்தவர் அவர். அப்போது கொண்டுவந்த விதி இது: மழை பெய்து ஆறு கலங்கிக் கோட்டை மறைத்தால் காப்பி அரைக்கலாம். கோடு வெளியே தெரிந்தால் ஈ மட்டும்தான். தெளிந்த தண்ணீரில் தகட்டைப் போட்டு மீன்களை மிரட்டக் கூடாதாம். "கோட்டுக்கு மேலயா, கீழயா? இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?" என்பது அவருடைய வாய்ப்பாடு. எங்கள் பக்கம் மழைக்குக் குறைவில்லை என்பதால் நாங்களும் பொறுத்துக்கொண்டோம்.

பொறுக்க முடியாமல் போனது ட்யூடருக்குத்தான். மரம் அறுக்கும் ஆலையில் பெல்ட்டில் சிக்கி அவனுடைய வலது முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. அதற்கு முன்னால் ஈ வீசுவதில் எம்ரிஸுக்கு அடுத்தபடி அவன்தான் என்று ஊரே சொல்லும். கோலைத் தலைக்கு மேலே கொண்டுபோக முடியாமல் ஆனதும், சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அவனுடைய அக்கா நெஸ்டா எழுந்து, கை முடியாதவர்கள் மட்டும் எப்போது வேண்டுமானாலும் சுழல்தூண்டில் போட அனுமதிக்க வேண்டும் என்று கேட்டாள். எம்ரிஸ் எழுந்தார். "தூக்க முடியாத கைக்கு ஆறு எதுக்கும்மா? கரையில பெஞ்சு போட்டிருக்கோம்ல, உக்காந்து பாக்கட்டும்" என்றார். சிரித்தார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள். ட்யூடர் அந்த அறையில்தான் இருந்தான். மேல்கோட்டை மாட்டிக்கொள்ள யாராவது உதவ வேண்டிய நிலை அவனுக்கு. அன்று யாரையும் உதவ விடாமல், கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். சங்கத்திலிருந்தும் அப்படியே போய்விட்டான்.

நெஸ்டா விடவில்லை. ஆண்டுதோறும் அதே கோரிக்கையை எழுந்து சொல்கிறாள். ஆண்டுதோறும் எம்ரிஸ் எழுந்து எதிர்க்கிறார். ஆண்டுதோறும் அது தோற்கிறது. முன்பெல்லாம் அவரை வாய் நிறைய "மாமா" என்று கூப்பிட்டவள், அந்தக் கூட்டத்திலிருந்து "மிஸ்டர் ப்ரோபர்ட்" என்கிறாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முழு மரியாதையோடுதான் கூப்பிடுகிறாள்.

சென்ற இலையுதிர் காலத்தில், மீன்பிடிப் பருவம் முடிந்த கையோடு, எம்ரிஸ் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கப்போய் ஏணியோடு விழுந்தார். தோள் போயிற்று. வலது கை மார்பு உயரத்துக்கு வரும், அதற்குமேல் வராது, இனிமேலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் மெயர் பிற்பாடு சொன்னது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. "லேசான பிடிப்பு" என்றார். ஆனால் ஒரு மனிதன் எவ்வளவைத்தான் மறைக்க முடியும். சீப்பு இடது கைக்குப் போனதில், தலைவகிடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. தெருவில் கையசைப்பவர்களுக்குத் தாடையை அசைத்துப் பதில் சொன்னார். குளிர்காலத்தில் ஒரு நாள், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில், இடது கையால் ஈ வீசிப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நரம்பு அவர் காதைச் சுற்றியது, தொப்பியைச் சுற்றியது, கடைசியில் ஒரு முட்செடியைப் பிடித்தது. ஆடுகள் மேய்வதை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் வேனை நிறுத்தாமல் போய்விட்டேன். பார்த்ததற்கு எனக்கே கூச்சமாக இருந்தது.

பிப்ரவரியில் ஆறு வற்றும் சில நாட்களில் தூணின் அடித்திண்டில் இறங்கிக் கோட்டுக்குப் புதுவண்ணம் பூசுவது அவர் வேலை. இந்த ஆண்டும் பூசினார். மறுநாள் பாலத்தில் கூட்டம். கோடு சாய்ந்திருந்தது. ஒரு முனை மேலே, ஒரு முனை ஒரு சாண் கீழே. வண்டிச் சக்கரத்தில் மயிரிழைச் சாய்வைக் கண்ணாலேயே பிடிக்கிற மனிதர் இழுத்த கோடு. கறிக்கடைக்காரரும் சங்கத்தின் தலைவருமான கெரைன்ட் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமிருந்து பாத்தா காப்பி அரைக்கலாம், அந்தப் பக்கமிருந்து பாத்தா அரைக்கக் கூடாது போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தோம். எம்ரிஸும் சிரித்தார். காது மட்டும் சிவந்துபோயிற்று. அன்று சாயங்காலமே திரும்பவும் இறங்கி, பலகையொன்றை வைத்துக்கொண்டு நேராக்கினார். வழிந்த பழைய வண்ணம் இன்னும் இருக்கிறது.

அதற்கடுத்த வாரம்தான் அவர் நெஸ்டாவின் கடைக்கு வந்தார். ஆணி, பெயின்ட், நாய்ச் சங்கிலி எல்லாம் விற்கும் கடை. பின்மூலையில் தூண்டில் சாமான்கள். அங்கே ட்யூடர் ஸ்டூலில் உட்கார்ந்து ரீல்களுக்கு நரம்பு சுற்றிக்கொண்டிருப்பான். நான் கோழிக்கூட்டுக்குக் கீல் வாங்கப் போயிருந்தேன். எம்ரிஸ் கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்தார், ட்யூடரைப் பார்த்தார், பெயின்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். நான் போவேன் என்று எதிர்பார்த்திருப்பார். போகாததற்குக் கீல் மட்டும் காரணமில்லை.

"என்ன வேணும், மிஸ்டர் ப்ரோபர்ட்?" என்றாள் நெஸ்டா.

"ஒரு கோலு. சுழல் கோலு." குரல் பெயின்ட் டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கில்ல. கார்டிஃப்ல மெயரோட தம்பி பையன் இருக்கான். அவனுக்கு."

"டிரவுட்டுக்கா?"

"டிரவுட்டுக்குத்தான். சின்ன ஆறு. நம்ம ஆறு மாதிரி."

ட்யூடர் நரம்பு சுற்றுவதை நிறுத்தவில்லை. எம்ரிஸ் தானாகவே போய், இருப்பதிலேயே நீளமான, முரட்டுக் கோல் ஒன்றை எடுத்தார். ஈக்காரர்களுக்கு நீளம்தான் கௌரவம். நெஸ்டா அதை வாங்கி இருந்த இடத்தில் வைத்தாள். "இது பெரிய சால்மன் மீனுக்கு. இதுல நகத்தளவு தகட்டை மாட்டினா, வீசினதும் தெரியாது விழுந்ததும் தெரியாது. பையன் கையும் ஓஞ்சுபோயிடும்." அடுத்ததாக அவர் எடுத்தது வெறும் நாணல் மாதிரி. ஆட்டினால் ஆட்டம் நிற்கவேயில்லை. மூன்றாவதாக, அவளுடைய உயரத்தைவிட ஒரு முழம் கூட இருந்த ஒல்லிக் கோலை எடுத்து, நரம்பைக் கோத்து, நுனியைக் கதவுப் பிடியில் கட்டினாள். "இழுத்துப் பாருங்க."

எம்ரிஸ் இடது கையில் வாங்கிப் பின்னால் சாய்ந்தார். கோலின் நுனி முதலில் வளைந்தது, பிறகு நடு, அடிப்பக்கம் அசையாமல் நின்றது. அந்த வளைவைப் பார்த்ததும் அவருடைய முகம் கொஞ்ச நேரம் மாறியிருந்தது. எத்தனை மாதமாயிற்று கையில் ஒரு கோல் வளைந்து. சட்டென்று நினைவு வந்தவராக, "பையனுக்கு இது போதும்" என்றார்.

ரீலைத் தேர்ந்தது ட்யூடர். நெஸ்டா ஒரு பளபளப்பான பெரிய ரீலை எடுத்துத் தர, அவன் எழுந்து வந்து கோலில் மாட்டினான், ரீல் பொருந்தும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒற்றை விரலில் வைத்துத் தூக்கினான். கோல் பின்பக்கம் சாய்ந்தது. "கனம். நாள் முழுக்க மணிக்கட்டு இழுக்கும்" என்றான். கைக்குள் அடங்குகிற ரீலை மாட்டினான். கோல் விரலில் தராசுமுள் போல நின்றது. காதருகே வைத்து மெல்லச் சுற்றிக் கேட்டான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, மடங்கிய முழங்கையால் நரம்புருளையைத் தொடையோடு அழுத்திக்கொண்டு சுற்றத் தொடங்கினான். விளிம்புக்கு மயிரிழை கீழே வந்ததும் நிறுத்தினான். விளிம்பைத் தாண்டினால் நரம்பு கொத்தாக வந்து சிக்கும், குறைந்தால் தூரம் போகாது. அதுவரை எம்ரிஸ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அந்த முழங்கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

"பையனுக்கு எந்தக் கை?" ட்யூடர் தலை நிமிராமல் கேட்டான்.

"வலது கைதான். எல்லாரையும் போல."

ட்யூடர் தலையாட்டினான். ரீலின் பக்கவாட்டுத் திருகைக் கழற்றினான். இடப்பக்கம் இருந்த சுற்றும் பிடியை உருவி, வலப்பக்கத்தில் செருகித் திருகினான். எங்கள் ஊரில் யாருக்கும் இதன் பொருளை விளக்க வேண்டாம். வலது கைக்காரன் வலது கையால் வீசி இடது கையால் சுற்றுவான். பிடி வலப்பக்கம் வந்தால், வீசப்போவது இடது கை. வலது கைக்கு இடுப்பருகே இருந்தபடியே சுற்றுகிற வேலை மட்டும்தான்.

எம்ரிஸ் பார்த்தார். நான் பார்த்தேன். நெஸ்டா கீல்களைக் காகிதத்தில் சுற்றினாள், ஏற்கனவே சுற்றியிருந்தவற்றை.

"மேல தூக்கி வீச வேணாம்னு பையன்கிட்ட சொல்லுங்க" என்றான் ட்யூடர். "இடுப்புக்குக் கீழேர்ந்து, மணிக்கட்டை மட்டும் சுண்டினாப் போதும். லேசான கோலு, அதுவே கொண்டுபோயிடும். முதல்ல ரெண்டு மூணு நாள் கோவம் வரும். அப்புறம் பழகிடும்."

"சொல்றேன்" என்றார் எம்ரிஸ். நெற்றியிலிருந்து கழுத்துவரை சிவந்திருந்தது. வேறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "நல்லா சுத்தியிருக்கே" என்று மட்டும் வந்தது. பணத்தை இடது கையால் எடுத்து வைத்துவிட்டு, கோலை மேல்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனார். அவ்வளவு நீளக் கோலை எந்தக் கோட்டாலும் மறைக்க முடியாது. கடைத்தெரு முழுக்க அவருடைய காதுக்கு மேலே நுனி ஆடிக்கொண்டு போனது.

கதவு மூடியதும் நான் நெஸ்டாவிடம், "ஏன் விட்டீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன், "கேட்டா என்ன ஆகும்?" என்று என்னிடம் சொன்னான். "அவரு பெஞ்சுல உக்காருவாரு. அதைப் பாக்க எனக்கு ஆசை இல்ல." இத்தனைக்கும் நாள்தோறும் அவர் பாலத்தில் எதற்காகக் குனிந்து நிற்கிறார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோடு மறைய வேண்டும் என்று. மழை இல்லாத வசந்தம் வந்தால், அவர் போட்ட விதியே அவரை ஆற்றில் இறங்கவிடாது. யாரும் பார்க்காத வளைவுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. திருட்டுத்தனமாக அவர் போகமாட்டார். எனக்கு அவரைப் பிடிக்காது என்றாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

பருவம் தொடங்குவதற்கு முந்தின வாரம், மதுக்கடையின் பின்னறையில் பொதுக்கூட்டம். பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் தேநீரும். கெரைன்ட் கணக்கு வாசித்தார், ஆண்டறிக்கை வாசித்தார், மீனைத் தின்னும் நீர்நாய்களைப் பற்றி வழக்கமான சண்டை நடந்தது. பிறகு நெஸ்டா எழுந்தாள். அதே கோரிக்கை, அதே வார்த்தைகள். அறைக்கும் மதுக்கடைக்கும் நடுவிலிருந்த கதவு திறந்தே கிடந்தது. அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த ட்யூடர் வெளியே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். உறுப்பினர் அல்லாதவன் உள்ளே வரமுடியாது. அதுவும் எம்ரிஸ் காவலராக இருந்த காலத்து விதி.

எல்லோரும் எம்ரிஸ் பக்கம் திரும்பினோம். அவர் எழுந்திருக்கவில்லை. ரொட்டியை விண்டு விண்டு தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன எம்ரிஸ், எப்பவும் போல எதிர்ப்புதானே?" என்றார் கெரைன்ட். "பேச்சை விட்டுட்டு நேரா ஓட்டுக்குப் போயிடலாமா? நேரமாகுது."

"ம்" என்றார் எம்ரிஸ். "ஓட்டுக்குப் போ."

பின்வரிசையில் யாரோ, "பெஞ்சுக்குப் புது வண்ணம் அடிச்சாச்சா?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பழைய வேடிக்கை, ஆண்டுதோறும் யாராவது சொல்வார்கள். எம்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாளும் அந்தச் சிரிப்பில் அவர் சேர்ந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னவர் அவர், சிரித்தவர்கள் நாங்கள்.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் கெரைன்ட்.

நெஸ்டா தூக்கினாள். நான் தூக்கினேன். அங்கங்கே காப்பி அரைக்கிறவர்களின் கைகள், எப்போதும்போல், போதாத கைகள். நாற்காலி கிறீச்சிட்டது. எம்ரிஸ் எழுந்து நின்றார். இடது கையைத் தூக்கியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் வலது கையைத் தூக்கினார். அது மார்புவரை வந்து நின்றது. இன்னொரு முறை முயன்றார். அதே இடத்தில் நின்றது.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, பிறத்தியாருடைய கையைத் தூக்குவதுபோல, அதை முகத்துக்கு மேலே தள்ளி ஏற்றினார். நெற்றியில் வியர்வை. கெரைன்ட் எண்ணுவதில் மெதுவான ஆள். அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு தலையாகப் பேனாவால் சுட்டிக்கொண்டு வந்தார். எம்ரிஸ் அவரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. பிடித்த கையைப் பிடித்தபடியே, மெல்ல மெல்ல, உடம்பு முழுவதையும் திறந்திருந்த கதவின் பக்கம் திருப்பி நின்றார்.